விரலை மீண்டும் வைக்கவும்

எங்கள் ரேஷன் கடை மெஷினுக்குள் ஒரு பெண் குரல் இருக்கிறது. நல்ல தமிழ், ஓர் எழுத்துகூடப் பிசகாது. "தயவுசெய்து விரலை மீண்டும் வைக்கவும்" என்று சொல்லும். பத்து தடவை சொன்னாலும் முதல் தடவை சொன்ன மாதிரியேதான் சொல்லும். மனுஷியாக இருந்தால் மூன்றாவது தடவையே எரிந்து விழுந்திருப்பாள். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அதோடு போயிருக்கும். இந்தக் குரலிடம் என்னத்தைப் பேசுவது? வைத்த விரலை எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைப்பேன். அது மறுபடி சொல்லும்.

என் விரலில் ரேகை இல்லை. பிறக்கும்போது இருந்திருக்கும். மரக்காணத்து உப்பளத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கூடை தூக்கிய கை இது. கூடை விளிம்பைப் பிடித்துப் பிடித்து, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, கட்டை விரல் நுனி கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. வெடிப்பு இருக்கும், கோடு இருக்காது. எனக்கு மட்டும் இல்லை, அளத்தில் வேலை செய்கிற எந்தப் பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்தாலும் இதுதான். ஐப்பசி பிறந்தால் பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றுவிடும், மூன்று மாதம் வேலை இருக்காது. அந்த மூன்று மாதத்தில் கை கொஞ்சம் தேறும். மார்கழியில் உற்றுப் பார்த்தால் மெல்லிசாகக் கோடு தெரியும். தை மாதம் பாத்தி மிதிக்க இறங்கினால் பங்குனிக்குள் போய்விடும். வருஷா வருஷம் இப்படித்தான்.

இதை நினைத்து நான் ஒரு நாளும் வருத்தப்பட்டது கிடையாது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கட்டை விரலோடு எனக்கு என்ன வேலை?

கையெழுத்து சும்மா வந்துவிடவில்லை. என் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது எனக்கு முப்பது வயது இருக்கும். தலைமை ஆசிரியர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊதா மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். கையெழுத்தா, கைநாட்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வைத்தேன். வெளியில் வந்தால் அந்தச் சுவரில் எனக்கு முன்னால் வந்துபோன அம்மாக்கள் எல்லாரும் விரலைத் துடைத்த ஊதாக் கறை வரிசையாக இருந்தது. நானும் துடைத்தேன். வருகிற வழியெல்லாம் அந்தச் சுவர்தான் கண்ணுக்குள் நின்றது. என் மகன் தினமும் அதைத் தாண்டித்தானே உள்ளே போவான்?

அதற்கப்புறம் சாயங்காலப் பாடத்துக்குப் பெரியவர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் உட்கார்ந்தேன். அளத்திலிருந்து நேராகப் போவேன், கால் கழுவிக்கொண்டு. சிலேட்டுக் குச்சி என் கையில் நிற்காது, உடைந்து உடைந்து போகும். சொல்லிக்கொடுத்த பெண் ஒரு தடவை, "கூடையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்கக்கா, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றாள். என் பெயரில் ஐந்து எழுத்து. ஐந்தாவதற்குத் தலையில் புள்ளி. ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று, ஐந்தும் ஒரே வரிசையில் நிற்பதற்கு. எண்களும் படித்தேன். பஸ் போர்டு கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் போகவில்லை, அது போதும் என்று இருந்தது. இனி எவன் பெட்டியிலும் விரலை வைக்க மாட்டேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

ரேஷன் கடையில் அப்போது நோட்டு இருந்தது. கையெழுத்துப் போட்டால் சாமான். எனக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வோர் எழுத்தாகத்தான் வரும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "அக்கா கோலம் போடுது, சிக்கு விழாம இருக்கணும், சும்மா இருங்க" என்று அளத்தில் என்னோடு வேலை செய்யும் கூட்டாளிப் பெண் கத்துவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிசு. நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். புள்ளி வைத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு கார்டு என் பெயருக்கு வந்தது. நோட்டு மாதிரி இருந்த கார்டு போய், கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். அதில் என் போட்டோ, என் பெயர், குடும்பத் தலைவர் என்கிற எழுத்து. அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான். மகன் கல்யாணமாகி, இரண்டு தெரு தள்ளி, தனிக் கார்டோடு இருந்தான். ஒரே ஆளுக்கு ஒரு தலைவி. கூட்டாளி அதற்கும் சிரித்தாள். "ஓட்டுப் போடவே வேணாம், நீயே நின்னு நீயே ஜெயிச்சிட்ட" என்றாள். சிரித்துக்கொள்ளட்டும். வீடு என்னுடையது, கார்டு என்னுடையது. அந்தக் கார்டில் மட்டும்தான் என் பெயர் முதலில் இருந்தது. வேறு எந்தக் காகிதத்தை எடுத்தாலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று இன்னொரு பெயரில் மாட்டிக்கொண்டுதான் வரும்.

பிறகு மெஷின் வந்தது. கடைக்காரர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "கையெழுத்தெல்லாம் இனிமே இல்ல ஆயா. கட்டை விரலை வைங்க" என்றார். ஐம்பது வயதுக்காரர், எனக்கு அவர் தம்பி முறை ஆவார். என்னை ஆயா என்றது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் கழித்துச் சுற்றிவந்து மறுபடி கட்டை விரலிலேயே வந்து நின்றுவிட்டதே என்றுதான் எனக்கு அலுப்பாக இருந்தது. மைப் பெட்டியாவது பிடித்துக்கொண்டது. இது பிடிக்கவும் இல்லை.

அந்தக் கடை வாசலில் மெஷினைச் சமாளிப்பதற்கென்று ஒரு வைத்தியமே உண்டாகிவிட்டது. ஒருத்தி விரலை எண்ணெய்த் தலையில் தேய்த்துவிட்டு வைப்பாள். ஒருத்தி வாயால் ஊதி ஊதி வைப்பாள். ஈரத்துணி நல்லது என்பாள் ஒருத்தி, ஈரமே ஆகாது என்பாள் இன்னொருத்தி. மருதாணி வைத்தால் கோடு எடுத்துக்காட்டும் என்று யாரோ சொல்லி, ஒரு மாதம் எங்கள் அளத்துப் பெண்கள் எல்லாரும் கல்யாணப் பெண் மாதிரி விரலைச் சிவப்பாக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். மெஷின் அதற்கும் மசியவில்லை. கூட்டாளி அதைப் பார்த்து, "வெச்சிட்டுத்தான்டி இருக்கறோம்! உள்ள உக்காந்துக்கிட்டு உனக்குக் கண்ணு தெரியலன்னா நாங்க இன்னா பண்ணுவோம்?" என்று கேட்டாள். "தயவுசெய்து விரலை மீண்டும் வைக்கவும்" என்றது அது.

விரல் சரியாக இருந்தால் டவர் இருக்காது. அப்போது கடைக்காரர் மெஷினை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, படியில் இறங்கி, ரோட்டு ஓரம் வரைக்கும் மெதுவாக நடப்பார். நாங்கள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போவோம். பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று எட்டிப் பார்ப்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் அவர்தான். ஒரு நாள் டவர் வரட்டும் என்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தவர், "எங்க அப்பா காலத்துல தராசு மட்டும்தான் ரிப்பேர் ஆகும்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

விரல் விழாதவர்களுக்கு அவரே ஒரு வழி சொன்னார். கார்டில் கொடுத்த போன் நம்பருக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் போதும். என்னிடம் பட்டன் போன் ஒன்று இருந்தது. சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு அளத்துக்கும் எடுத்துப் போவேன். எண் வந்ததும் நானே படித்துச் சொன்னேன். மற்றவர்கள் போனை யாரிடமாவது நீட்டுவார்கள், நான் நீட்ட மாட்டேன். ஒன்பது, நான்கு, ஏழு என்று கடைக்காரருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். கையெழுத்துப் போனாலும் எண்ணாவது இருக்கிறதே என்று இரண்டு மூன்று மாதம் போயிற்று.

வைகாசியில் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். கார்டில் இருக்கிற எல்லாரும் வந்து மறுபடி ரேகை பதிய வேண்டும், மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம், பதியாத பெயர் எடுக்கப்படும். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். "எடுக்கப்படும்" என்ற இடத்தில் நின்றேன். மற்றவர்கள் கார்டில் ஒரு பெயர் போனால் இன்னும் மூன்று பெயர் இருக்கும். என் கார்டில் என் பெயர் போனால் கார்டே போனது.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தார் கடைக்காரர். மாற்றி மாற்றி, சாய்த்து, அழுத்தி. வேனல் காலம், உப்பு நன்றாக விளைகிற நேரம், தினமும் கூடை. விரலில் ஒன்றுமே இல்லை. "ஓடிபி போட்டுப் பாக்கலாம் ஆயா. ஆனா இப்ப சர்வர் இல்ல. புதன்கிழமை போனை எடுத்தாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை போன் பாத்தியில் விழுந்தது.

குனிந்து கூடையை எடுத்தேன். சுருக்குப் பையின் கயிறு அறுந்திருந்தது போல, பையோடு போய் உப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். உடனே எடுத்துவிட்டேன். விளக்கு ஒரு தடவை மின்னி, அணைந்தது.

"அரிசியில போட்டு வெய்யிக்கா. ஈரத்தை இழுத்துடும். எங்க தெருவுல எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க" என்றாள் கூட்டாளி.

"அரிசி எங்கயாவது ஈரத்தை இழுக்குமா?" என்றேன். "உப்பு இழுக்கிறதுல கால் பங்கு இழுக்குமா?"

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் உப்பையே பார்த்தவள் நான். மழைக்கு முன்னால் குவியல் எப்படிக் கசியும், காற்றில் இருக்கிற தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூட்டாளியும் யோசித்தாள். அவளும் உப்புக்காரிதானே. "அதுவும் சரிதான். அரிசி எதுக்கு வீணா?" என்றாள். மேஸ்திரியைக் கேட்டோம். அவரும் தலையை ஆட்டினார். மூன்று பேரும் சேர்ந்து, காய்ந்த குவியலில் நல்ல பொடி உப்பாகப் பார்த்து, ஒரு டப்பாவில் போனை வைத்து, மேலே கீழே உப்பைப் போட்டு அமுக்கி, மூடி வைத்தோம். எங்களைப் பார்த்து இன்னொரு பெண் அவள் புருஷனின் கைக்கடிகாரத்தையும் கொண்டுவந்து அதிலேயே போட்டாள். அதுவும் ரொம்ப நாளாக ஓடவில்லையாம்.

மூன்றாம் நாள் எடுத்து, கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். போனைப் பிரித்தார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. பட்டன் இடுக்கில் எல்லாம் உப்பு, கல்லாக இறுகி நின்றது.

"இதை எதுல போட்டு வெச்சிருந்தீங்க?"

"உப்புல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உப்புலயா? எத்தினி நாளு?"

"மூணு நாளு. ஈரம் போவட்டும்னு."

"ஈரம் நல்லா போயிருக்குது ஆயா. போனை நீங்க கருவாடு போட்டுட்டீங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எழுந்து வந்து சிரித்தார்கள். "எந்த மீனுப்பா?" என்றார் ஒருவர். "வாளையா, நெத்திலியா?" என்றார் இன்னொருவர். கூட்டாளி என் பின்னால் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவளும் சேர்ந்துதானே அமுக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருந்த சிம் கார்டை எடுத்து வேறு போனில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார். எடுக்கவில்லை. அதையும் உப்பு தின்றிருந்தது. அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கலாம், அதற்கு எதிர்க் கடைக்குப் போகச் சொன்னார்.

எதிர்க் கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம்பரைக் கேட்டாள், ஆதாரைக் கேட்டாள், எல்லாம் கொடுத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கட்டை விரலை வைங்கம்மா."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ரேகை இல்லாததால் போன் வேண்டும் என்று வந்தேன். போன் வேண்டுமென்றால் ரேகை வேண்டுமாம். வைத்தேன், விழவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை வைக்கச் சொல்ல வாயெடுத்தாள். "வேணாம்மா, நீ நல்லா இரு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மகன் வீட்டுக்கு வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், நடுவில் எப்போதாவது எட்டிப் பார்ப்பான். கருவாடு கதை அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, பேசாம எங்க கார்டுல உன் பேரை ஏத்திடறேன். ஒரே கார்டா போயிடும். நீ எதுக்கு வெயில்ல போயி நிக்கற?"

"இன்னான்னு ஏத்துவ?"

"இன்னான்னா? அம்மான்னுதான்."

"அதுல தலைவி யாரு?"

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "அவதாம்மா. அவ பேருலதான வாங்கினோம். அதுல இன்னா இருக்குது இப்போ?"

அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மழைக்கு இன்னும் நான்கு மாதம். என் விரல் தேறுகிற வரைக்கும் அந்தத் தாள் காத்திருக்காது. ஆனாலும் சரி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தாலுகா ஆபீசுக்குப் போனேன். கூட்டாளியும் வந்தாள், அவளுக்கும் இதே விரல்தான். ஆனால் அவள் கார்டில் புருஷன், பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள், அவளுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. ஆபீசில் சர்வர் இல்லை. நாங்கள் முப்பது நாற்பது பேர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்களும் எங்களை மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அம்மா எங்களைக் கூப்பிட்டார்கள். நரைத்த முடி, அவர்கள் முகத்திலும் அலுப்புதான்.

என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். "அளமா?" என்றார்கள்.

"ஆமாங்க."

"உங்களுக்கு ரேகை விழாதும்மா. எத்தினி தடவை வெச்சாலும் விழாது. இது ஒண்ணு இருக்குது" என்று அலமாரியிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்கள். "உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் ரேகை வைக்கலாம். அதே கடையில கார்டு இருக்கறவங்களா இருக்கணும். உங்க பேரு, உங்க கார்டு அப்படியே இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க. இதுக்குக் கம்ப்யூட்டரும் வேணாம்." பிறகு கேட்டார்கள், "கையெழுத்துப் போடுவீங்களா, கைநாட்டா?"

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்!

"கையெழுத்துங்க" என்றேன்.

பேனாவைக் கொடுத்தார்கள். ஐந்து எழுத்து. வெகுநாளாகப் போடவில்லை. மூன்றாவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. சாப்பாட்டுப் பையை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். புள்ளி வைத்தேன்.

"பதிலா விரல் வெக்கிறது யாரு? அவங்க பேரையும் எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் தன் கையை என் கையின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையும் ஒரே கை. "என்னை எதுக்குப் பாக்கற? குருடிக்குக் குருடி துணையா?" என்று சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது, அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவை. சிரித்து முடித்ததும் யோசித்துப் பார்த்தேன். மகன் ஆட்டோவோடு ஓடுகிறவன், கடை திறந்திருக்கிற நேரத்தில் கிடைக்க மாட்டான். எங்கள் கடையில் கார்டு இருந்து, விரலில் ரேகையும் இருக்கிற, நான் கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான். என் மருமகள்.

அவளோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. போக்குவரத்தும் அதிகம் கிடையாது. அவள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாசலில் போய் நான் நின்றதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடச் சொல்லி அனுப்பவில்லை. ஃபாரத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் போனேன்.

மகன் சவாரிக்குப் போய்விட்டிருந்தான். மருமகள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே, "வாங்க அத்தை. காப்பி போடட்டா?" என்றாள்.

"வேணாம். குடிச்சிட்டுத்தான் வந்தேன்." குடிக்கவில்லை.

பெண் பையை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"உன் கையைக் காட்டு" என்றேன்.

"எதுக்கு அத்தை?"

"காட்டேன்."

நீட்டினாள். நாள் பூராவும் புடவை மடிக்கிற கை. கட்டை விரலில் கோடு கோடாக, புதிதாக வரப்பு போட்ட பாத்தி மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக, ஓர் இடம் உடையாமல் இருந்தது.

"இன்னா அத்தை, ஜோசியமா? எனக்கு எப்ப நல்ல காலம்னு சேத்துப் பாருங்க."

நான் ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். வேகமாகப் படிக்கிறவள். கீழே வந்ததும் நின்றாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"வேற யாரு போடுவா?"

"நல்லா இருக்குது. எங்க அம்மாவுக்கு இதுகூட வராது." ஃபாரத்தைப் பார்த்தபடியே, "எங்க கார்டுல சேரறதுக்குப் பாக்கலாம்னு சொன்னீங்களாமே" என்றாள்.

"சொன்னேன்."

"நான் இருக்கறதாலயா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. சுற்றி வளைத்து ஏதாவது சொல்லலாம். எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"நீ இல்லம்மா. எதுலயாவது ஒண்ணுல என் பேரு முதல்ல இருக்கட்டும்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். "இதைச் சொன்னா புரியாதா எங்களுக்கு? அவரு வந்து, அம்மாவுக்கு நம்ம வீட்டுச் சோறு புடிக்கல போலன்னு சொல்றாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்." ஷோகேஸ் மேலிருந்த பேனாவை எடுத்து, சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். ஒரே இழுப்பு. இறால் சுருண்ட மாதிரி இருந்தது.

"இது இன்னா எழுத்து?"

"அவ்ளோதான் அத்தை, ஸ்டைலு." மூடியை மாட்டினாள். "செவ்வாக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு வர்றேன். ஆனா ஒண்ணு, நானே போயி வாங்கியாந்து உங்க வீட்டுல போட மாட்டேன். நீங்களும் வரணும்."

"விரல் உன்னுது. நான் எதுக்கு?"

"கார்டு உங்களுதாச்சே? நீங்கதான் குடுக்கணும். நான் விரல் மட்டும்தான்."

அப்படியே போனோம். ஃபாரத்தை ஆபீசில் கொடுத்து, தாளில் போட்டிருந்த நாளுக்கு ஒரு நாள் முன்னால் கடைக்குப் போனோம். கார்டை நான் கொடுத்தேன். மருமகள் விரலை வைத்தாள். ஒரே தடவை. "நன்றி" என்றது அந்தக் குரல். அதற்கு நன்றி சொல்லவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் பெயர் போட்ட சீட்டு வெளியே வந்தது. கடைக்காரர் அதைக் கிழித்து, மருமகளிடம் நீட்டப் போனவர், கையை மாற்றி என்னிடம் கொடுத்தார்.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் போனோம். டவர் இல்லாத நாளில் கடைக்காரரோடு மூவரும் ரோட்டு வரைக்கும் ஊர்வலம் போனோம். ஒரு மாதம் அவள் கறிக்கு மஞ்சள் அரைத்த கையோடு வந்து, அவளுக்கும் இரண்டு தடவை விழவில்லை. "பாத்தீங்களா அத்தை, எனக்கும் உங்க காத்து அடிச்சிடுச்சு" என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியெல்லாம் கடல் மாதிரி ஆயிற்று. வீட்டிலேயே இருந்தேன். மார்கழியில் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இப்ப அளம் இல்லையே. ஆயா விரலை ஒரு தடவை வெச்சுப் பாக்கலாமா?" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மருமகள் என் கையைப் பிடித்து வைத்தாள்.

"நன்றி" என்றது.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் கூட்டாளி நின்றிருந்தாள். "அக்காவுக்கு ரேகை பொறந்திருக்குது! சக்கரை குடுங்கப்பா எல்லாருக்கும்!" என்று கத்தினாள்.

மருமகள் சிரித்தாள். ஆனால் பிடித்த என் கையை விடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, "அப்போ இனிமே நான் வேணாமா அத்தை?" என்றாள்.

"தை மாசம் பாத்தியில எறங்கணும். மாசி வரைக்கும் தாங்கும். அப்புறம் வா."

"வேலைக்குப் போவாம இருந்தா விரல் அப்பிடியே நிக்குமில்ல?" என்றார் கடைக்காரர்.

"விரலை வெச்சிக்கிட்டு வீட்டுல உக்காந்து இன்னா பண்றது?" என்றேன்.

தூறல் விழ ஆரம்பித்தது. பையைத் தூக்கினேன். அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. பாதி வழியில் கொடுத்தேன்.